இரண்டு பாட்டிகள், ஒரு தொட்டில்: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். முதல் குழந்தை, பெண். சிசேரியன். இன்றைக்கு 38 நாள். பிறந்தபோது எடை 2.9 கிலோ, நாலாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.7, முப்பதாம் நாள் 3.4. தென்காசிப் பக்கத்திலிருந்து என் அம்மாவும் ஈரோட்டிலிருந்து அத்தையும் வந்து கூடவே இருக்கிறார்கள். முதல் பத்து நாள் நன்றாகத்தான் போனது. இப்போது குழந்தையை யார் தூக்குவது, யார் குளிப்பாட்டுவது என்று எல்லாவற்றிலும் போட்டி. சாயங்காலமானால் குழந்தை விடாமல் அழுகிறாள். 'உனக்குப் பால் பத்தலை' என்று சொல்லி, ஒரு வாரமாக ராத்திரியில் அத்தை 60 மில்லி பவுடர் பால் புட்டியில் கொடுக்கிறார். காலையில் அம்மா எனக்குத் தெரியாமல் உரைமருந்து உரைத்துச் சங்கில் ஊற்றுகிறார். ஒருவர் செய்வதை இன்னொருவர் வந்து என்னிடம் சொல்கிறார்கள். கணவரோ, 'பொம்பளைங்க விஷயம், நீங்களே பேசிக்கோங்க' என்கிறார். மாமனாருக்கு ஒரு மாதமாக இருமல். வரும்போதெல்லாம் குழந்தையை முத்தமிடுகிறார். நான் நினைத்து நினைத்து அழுகிறேன். குழந்தை அழுதால் கையில் வாங்கவே பயமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்குப் பால் போதுமான அளவு இருக்கிறது. நீங்கள் எழுதிய எடைக் கணக்கே அதற்குச் சாட்சி. 2.9 கிலோவில் பிறந்த குழந்தை நாலாம் நாள் 2.7 ஆனது இயல்பு. முதல் வாரத்தில் பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பிவிடும். நாலாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரை 26 நாளில் 700 கிராம் ஏறியிருக்கிறாள். ஒரு நாளைக்கு 27 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் ஏறினாலே போதும். பவுடர் டப்பா உங்கள் வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். அந்த 700 கிராமும் உங்கள் பாலில் ஏறியது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள்.

அப்படியானால் சாயங்காலம் ஏன் அழுகிறாள்? பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து குழந்தைகளின் அழுகை கூடிக்கொண்டே போகும். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். அதிலும் மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை அதிகம். உங்கள் மகள் இப்போது அந்த உச்சத்தின் வாசலில் நிற்கிறாள். அந்த நேரத்தில் அரைமணிக்கு ஒரு தரம் மார்பைத் தேடுவாள். இரண்டு நிமிடம் குடிப்பாள், விடுவாள், மறுபடி அழுவாள். பார்க்கிறவர்களுக்குப் பசி தீரவில்லை என்றுதான் தோன்றும். மார்பும் அப்போது தளர்ந்திருப்பதால் 'பால் வத்திப்போச்சு' என்ற பேச்சு கிளம்பும். தளர்ந்த மார்பிலும் பால் சுரந்துகொண்டேதான் இருக்கும். அடிக்கடி சப்புவது நாளைக்கான பாலுக்குக் குழந்தை போடுகிற ஆர்டர்.

உங்கள் வீட்டுப் போட்டியின் கரு இந்த அழுகைதான். குழந்தை அழுதால் அது யாரோ ஒருவருடைய தவறு என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அத்தை கண்ணுக்கு உங்கள் பால் குறை. அம்மா கண்ணுக்கு அந்தப் புட்டிப்பால் குறை, அதனால் வயிறு உப்பிவிட்டது. ஆளுக்கொரு மருந்து, ஆளுக்கொரு ஒளிவு. குழந்தை தூங்கிவிட்டால் கடைசியாகக் கொடுத்தவர் ஜெயித்தவர் ஆகிவிடுகிறார். ஆறாவது வாரத்து அழுகைக்கு யாரும் காரணமில்லை என்பதை இருவரும் ஒரே நேரத்தில், ஒரே ஆளின் வாயிலிருந்து கேட்க வேண்டும். அதற்கு ஒரு வழி கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 60 மில்லி. இரவில்தான் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் உடம்பில் கூடுதலாக இருக்கும். அந்த வேளைக்குப் புட்டி வந்தால், குடிக்கப்படாத பால் மார்பில் தேங்கும். 'இவ்வளவு தேவையில்லை' என்று உடம்பு புரிந்துகொண்டு சுரப்பைக் குறைக்கும். இப்படியே சில வாரம் போனால் 'பால் பத்தலை' என்று இன்று தவறாகச் சொல்வது அன்று உண்மையாகிவிடும். புட்டியில் உறிஞ்சும் விதம் வேறு என்பதால் மார்பில் வாய் வைக்கும்போது சில குழந்தைகள் எரிச்சல்படும். கரண்டியைக் கோபுரமாக அள்ளினாலோ, தண்ணீரைக் கூட விட்டாலோ வயிற்றுக் கோளாறும் எடைக் குறைவும் தனி.

ஒரு வாரம் மட்டுமே, நாளுக்கு ஒரு வேளை மட்டுமே கொடுத்திருப்பதால் இன்று இரவே நிறுத்தலாம். அந்த வேளைக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பால் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று இரவுகள் கூடுதலாக ஒன்றிரண்டு தரம் விழிப்பாள். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முதல் ராத்திரியே டப்பா திரும்பி வரும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தரம் பால், 6 தரத்துக்குக் குறையாமல் நன்றாக நனைந்த துணி: இந்த இரண்டு எண்ணிக்கையும்தான் உங்கள் அளவுகோல். டயப்பரில் எண்ண முடியாது. இரண்டு நாளைக்குத் துணி கட்டி எண்ணுங்கள். 42-ஆம் நாள் தடுப்பூசிக்குப் போகும்போது உடையில்லாமல், முப்பதாம் நாள் பார்த்த அதே தராசில் எடை பாருங்கள், 3.64 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். மறுபடி 49-ஆம் நாள் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் 140 கிராமாவது ஏறியிருந்தால் பேச்சு முடிந்தது. ஏறவில்லையென்றால், அல்லது ஈரத் துணி ஆறுக்குக் குறைந்தால், உங்கள் மருத்துவரிடம் போங்கள். அப்போது அவர் கூடுதல் பால் எழுதிக் கொடுத்தால் அது சிகிச்சை. யாருக்கும் அது தோல்வி கிடையாது.

உரைமருந்து பற்றி அம்மாவிடம் பேசுவது இதைவிடக் கடினம். அவருக்கு அது மருந்து மட்டுமில்லை. தன் தாய் தனக்குச் செய்தது, தான் உங்களுக்குச் செய்தது. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று உரைக்கிறார்கள். இதில் சிக்கல் அளவுதான். கல்லில் இரண்டு இழைப்பு கூடினால் அளவும் இரட்டிப்பாகிறது. மூன்றரைக் கிலோ உடம்புக்கு அது பெரிய மாற்றம். வசம்பும் ஜாதிக்காயும் அளவு மீறினால் வாந்தி, மயக்கம் போன்ற தூக்கம், சில குழந்தைகளுக்கு வலிப்புகூட வரலாம். மருந்து கொடுத்ததும் 'நல்லாத் தூங்குறா' என்று சொல்வது பல நேரம் அந்த மயக்கத்தைப் பார்த்துத்தான். கல்லும் சங்கும் கொதிநீரில் போடப்படாவிட்டால் கிருமியும் சேர்ந்தே உள்ளே போகும். ஆகவே ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிய சொட்டு மருந்தும் தவிர வாய்க்குள் எதுவும் போகக் கூடாது. தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய், வெயிலுக்கு வெந்நீர், எதுவும். தாய்ப்பாலில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 88 பங்கு தண்ணீர்தான். கோவை வெயில் என்ன, தென்காசி வெயிலுக்கும் அது போதும். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதை குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

மலம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் வீட்டில் அடுத்த சண்டை அதில்தான் வரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குப் பத்து தரம் மஞ்சளாகப் போகலாம், அது பேதி கிடையாது. ஆறு வாரத்துக்குப் பிறகு சில நாளைக்கு ஒரு தரம் மட்டும் போகலாம். இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கலும் கிடையாது. இரண்டுக்குமே மருந்து தேவையில்லை.

குளியலுக்கு வருவோம். காலை நீட்டி, குழந்தையைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே படுக்கவைத்துக் குளிப்பாட்டுவது நல்ல முறை, பிடி நழுவாது. தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் மெதுவாக நீவுவதும் நல்லது. இந்த இரண்டிலும் பாட்டிகளின் கைக்கு ஈடு கிடையாது என்று மனதாரச் சொல்லுங்கள். ஆனால் ஐந்து காரியங்கள் யார் குளிப்பாட்டினாலும் கூடாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. நுரையீரலுக்குள் இறங்கினால் எண்ணெய் கரையாது, நிமோனியா வரும். மூக்கில் வாய் வைத்து ஊதக் கூடாது. தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுக்கக் கூடாது. அங்கே நகம் கிழித்த காயம் சீழ் பிடிக்கும். குழந்தையின் மார்புக் காம்பைப் பிதுக்கக் கூடாது. தாயின் ஹார்மோனால் வந்த வீக்கம் அது, சில வாரத்தில் தானே வற்றும், பிதுக்கினால் சீழ்க்கட்டி ஆகும். தலைகீழாகத் தொங்கவிட்டுக் குலுக்கவும் கூடாது. தண்ணீர் பெரியவர்களின் முழங்கைக்கு இதமாக இருக்க வேண்டும். உள்ளங்கை சூடு பழகியது, அதை நம்ப வேண்டாம். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். கடலை மாவைத் தேய்த்தால் தோல் சிவக்கும், பயத்தமாவும் இப்போது வேண்டாம்.

சாம்பிராணிப் புகை இளம் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. கண்ணுக்குள் மை வேண்டாம், உள்ளங்காலில் திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும். கையில் வசம்பு வளையம் கட்டினால் நாளைக்கு அது வாய்க்குப் போகும்; தொட்டில் கம்பத்தில் எட்டாத உயரத்தில் கட்டிக்கொள்ளலாம். அரைஞாண், காப்பு, எந்தப் பக்கத்து ஜாடை, எந்தக் கோயிலில் மொட்டை: இவற்றில் எல்லாம் தாராளமாக விட்டுக்கொடுங்கள். இங்கே நீங்கள் நான்கு விட்டுக்கொடுத்தால்தான் வாய்க்குள் போகிற விஷயத்தில் உறுதியாக நிற்க முடியும்.

சரி, இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது? நீங்கள் சொல்லக் கூடாது, குறைந்தபட்சம் உங்கள் அத்தையிடம். அவரவர் அம்மாவிடம் அவரவர் பிள்ளை சொல்ல வேண்டும். மகன் சொன்னால் வருத்தம் ஒரு நாள். மருமகள் சொன்னால் அது குடும்பக் கதையாகிவிடும். 'பொம்பளைங்க விஷயம்' என்று உங்கள் கணவர் ஒதுங்குவது நடுநிலை ஆகாது. அவர் பேசாத ஒவ்வொரு நாளும் அவர் பங்கு வேலை உங்கள் தலையில் விழுகிறது, தையல் ஆறாத வயிற்றோடு. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் அத்தையிடம் தனியாக, அம்மாவோ நீங்களோ இல்லாத நேரத்தில், இப்படிச் சொல்லட்டும்:

'அம்மா, நீங்க வந்ததாலதான் நாங்க ரெண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கோம். பாப்பா எடை நல்லா ஏறியிருக்கு, டாக்டர் கணக்கு இதோ. ராத்திரிப் பால் இனிமே அவளே கொடுப்பா. சாயங்காலம் பாப்பா அழற நேரம் உங்க தோள் வேணும், அதை நீங்கதான் பார்த்துக்கணும்.'

கவனியுங்கள், இதில் 'அவ சொன்னா', 'அத்தை சொன்னாங்க' என்ற சொல்லே வரவில்லை. ஒரு வேலையை எடுக்கிற அதே மூச்சில் இன்னொரு வேலை கொடுக்கப்படுகிறது. இதே அமைப்பில் உங்கள் அம்மாவிடம் நீங்கள் பேசுங்கள். 'ஏம்மா ஒளிச்சுக் கொடுத்தே' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'அம்மா, அவ வாய்க்குள்ள போறது எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போகணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா டாக்டர்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?' என்று கேளுங்கள். எந்தத் தாயும் இதற்கு மறுப்புச் சொல்லத் திணறுவார். அடுத்த தரம் ஒருவர் வந்து இன்னொருவரைப் பற்றிச் சொன்னால், 'சரி, அவர்கிட்ட பேசச் சொல்றேன்' என்பதோடு நிறுத்துங்கள்.

இருவருடைய பயத்தையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. முதல் பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். உங்கள் அம்மாவுக்கு அந்த உரிமை ஏற்கெனவே பாதி போய்விட்டது. மகள் வீட்டில் விருந்தாளியாக இருக்கிறார். சில வாரத்தில் ஊருக்குக் கிளம்பியாக வேண்டும், பேத்தி அவர்கள் பக்கம் ஒட்டிக்கொள்வாள் என்ற கவலை அவருக்கு. அத்தையின் தலைமுறையில் பலர் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் மாமியார் சொற்படி வளர்த்தவர்கள். முதன்முதலாக மூத்தவராக நிற்க வேண்டிய இடத்தில் இன்னொரு மூத்தவர் நிற்கிறார். இருவருக்கும் பெயர் சொல்லி ஒதுக்கிய வேலை வேண்டும்.

ஒரே வேலையில் இருவரையும் கூட்டாக நிறுத்தாதீர்கள். கிழமை வைத்தும் பிரிக்காதீர்கள்; ஏழு நாளில் நான்கு யாருக்கு என்று அடுத்த வழக்கு வரும். வாரம் வைத்துப் பிரியுங்கள். இந்த வாரம் எண்ணெயும் குளியலும் அம்மாவுக்கு, மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை தோளில் போட்டு நடப்பது அத்தைக்கு. அடுத்த வாரம் மாறட்டும். சமையலையும் அப்படியே மாற்றுங்கள். பூண்டுக் குழம்பு ஒரு வாரம், கொங்கு முறை ஒரு வாரம், இரண்டும் உங்களுக்கு நல்லதுதான். பால் கொடுக்கும் தாய்க்கு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும்; பத்தியம் என்று தண்ணீரையும் பருப்பையும் காய்கறியையும் குறைப்பது மட்டும் கூடாது. இரவு ஒன்பது மணிப் பால் முடிந்ததும் குழந்தையைக் கணவர் வாங்கி ஏப்பம் விடவைத்து, அடுத்த பசிக்குத்தான் உங்களிடம் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். பவுடர் பாலை வைத்து அத்தை உங்களுக்குக் கொடுக்க நினைத்த தூக்கம் அதுதான். அதை வேறு வழியில் வாங்கிக்கொள்கிறீர்கள்.

மருந்து கொடுப்பது மட்டும் ஒரே ஆள். இரண்டு பாட்டிகள் இருக்கும் வீட்டில் அதிகம் பார்க்கிற ஆபத்து இது: தடுப்பூசிக் காய்ச்சலுக்கு ஒருவர் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் போவார், தெரியாமல் இன்னொருவர் மறுபடி கொடுப்பார். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் வேறு வேறு செறிவு. சிரப்புக்கு எழுதிய அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் மருந்து பல மடங்காகிவிடும். தினம் 400 அலகு கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கை. காலண்டரில் நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகே பாட்டிலைத் திறக்க வேண்டும். அந்த ஆளாக உங்கள் கணவர் இருக்கட்டும்.

இன்னும் நான்கு நாளில் 42-ஆம் நாள் வருகிறது. தடுப்பூசிக்கு இரண்டு பாட்டிகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆரம்பத்தில் நான் சொன்ன வழி இதுதான். முந்தின நாளே ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: பால் போதுமா, அழுகை ஏன், உரைமருந்து வேண்டுமா, குளியலில் எது கூடாது, காய்ச்சலுக்கு எத்தனை மில்லி. கேள்வியைப் பாட்டிகளே கேட்கட்டும். பதிலை மருத்துவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ தங்கள் கைப்பட எழுதிக் கொடுக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் 'நீ சொன்னே, நான் சொன்னேன்' இருக்காது, அந்தத் தாள் சொல்லும். ஊசி போட்ட தொடையில் எண்ணெய் தேய்க்கவோ நீவவோ கூடாது என்பதையும் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள்.

மாமனார் விஷயம் தள்ளிப்போடக் கூடாதது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். முடிவு வரும்வரை அவர் குழந்தை இருக்கும் அறைக்குள் வர வேண்டாம். உங்கள் கணவர் இன்றே இதைச் சொல்லட்டும். சளி பிடித்த யாரும் முத்தமிடக் கூடாது, தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது.

இனி உங்களைப் பற்றி. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள்வரை அழுகை வருவது இயல்பு. 38-ஆம் நாளிலும் நினைத்து நினைத்து அழுகிறீர்கள், குழந்தையை வாங்கவே பயமாக இருக்கிறது என்றால், அது பாட்டிகளின் சண்டையால் மட்டும் வந்தது என்று விட்டுவிட முடியாது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஒரு நோய். உங்கள் குறை எதுவும் இல்லை. 42-ஆம் நாள் உங்களுக்கும் பரிசோதனை உண்டு. தையல், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்க்கும்போது இதையும் வாய்திறந்து சொல்லுங்கள். பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு. எந்த நேரமும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் 42-ஆம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். குழந்தையை அருகில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எந்தப் பாட்டி என்ன சொன்னாலும் உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள் இவை: பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத தூக்கம், 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப்போவது, நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் அல்லது விலா உள்ளிழுப்பது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாவது, வலிப்பு.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் ஆன பிறகும் வீடு அமைதியாகவில்லை என்றால், இருவரும் ஒரே நேரத்தில் தங்குவதை நிறுத்துங்கள். பதினைந்து நாளைக்கு ஒருவர். முதல் முறை உங்கள் அம்மா தங்கட்டும். உடம்பு தேறும் காலத்தில் தையலைக் காட்டவும் கூச்சமில்லாமல் அழவும் அவர்தான் வசதி. அத்தைக்கு ஈரோடு பக்கம்தான், ஞாயிற்றுக்கிழமை வந்து பேத்தியைப் பார்த்துப் போகலாம். இந்த ஏற்பாட்டையும் அவர் மகனே சொல்ல வேண்டும், அனுப்பிவைப்பதாகத் தோன்றாமல். போகும் டிக்கெட்டோடு பதினாறாம் நாள் திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.